முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை: மலையகப் பெற்றோரின் வீட்டுக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, இராகலை, பசறை என மலையகத்தின் எல்லாப் பக்கங்களிலும் தோட்டத்துப் பிள்ளைகளின் படங்களோடு வாழ்த்துப் பதாகைகள் தொங்குகின்றன. உயர்தர வகுப்பில் கணக்கீடு கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையிலும், மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் தாய் என்ற முறையிலும் அந்த மகிழ்ச்சியில் எனக்கு முழுப் பங்கும் உண்டு. ஆனால் பதாகையில் படம் வந்த பிள்ளை, அங்கே போய்ச் சேர்ந்த முதல் சில மாதங்களில் எந்தக் காசில் சாப்பிடப் போகிறது என்ற கேள்விக்கு நம்முடைய குடும்பங்களில் அநேகமானவை முன்கூட்டி விடை தேடி வைப்பதில்லை. அதனால்தான் தங்கள் பத்திரிகையின் வழியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். பிள்ளை உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்த வாரத்திலேயே, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டின் வரவையும் செலவையும் மாதம் மாதமாகப் பிரித்து எழுதத் தொடங்குங்கள். நம்மவர்களைக் கடனில் தள்ளுவது மூன்று அல்லது நான்கு வருடப் படிப்பின் மொத்தச் செலவு அல்ல. காசு தேவைப்படும் மாதமும் காசு வரும் மாதமும் வெவ்வேறாக இருப்பதுதான்.

நம் நாட்டில் 1945 முதல் நடைமுறையிலுள்ள இலவசக் கல்வியின் பயனாக, அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் படிக்கும் மாணவரிடம் கற்பித்தற் கட்டணம் அறவிடப்படுவதில்லை. விடுதி கிடைத்துவிட்டால் அதற்குக் கட்ட வேண்டிய தொகையும், வெளியில் அறை எடுப்பதோடு ஒப்பிடும்போது மிகக் குறைவு. ஆகவே படிப்பை அரசாங்கம் தருகிறது, பஸ் காசை மட்டும் நாம் கொடுத்தால் போதும் என்று பல பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அப்படி நம்பியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நமது வீடுகளில் பெரும்பாலானவை முதன்முறையாக ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகின்றன என்பது விளங்கும். வேறு இடங்களில் மாமாவோ சித்தியோ முன்னமே படித்துவிட்டு வந்து, இந்த மாதம் இது வேண்டும், அந்த மாதம் அது வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நாம் வாழும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கேட்டறிய ஆள் இல்லை.

உண்மையான செலவு சாப்பாட்டில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையிலும் அருகிலுள்ள கடைகளிலும் மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 700 ரூபா என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மாதத்துக்கு 21,000 ரூபா ஆகிறது. அதற்கு மேல் நிழற்பிரதி, தொலைபேசி டேட்டா, சவர்க்காரம், மருந்து, பஸ் கட்டணம், ஒரே வருட மாணவர் சேர்ந்து போடும் பட்ச் காசு என்று சேரும்போது, விடுதியில் இருக்கும் பிள்ளைக்கே 25,000 ரூபாவுக்குக் கீழே கணக்கை இறக்குவது கடினம். மறுபக்கத்தில் வீட்டின் வரவைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக உயர்த்துவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்குவதாகவும் அறிவிக்கப்பட்டது. ஆக 1,750 ரூபா. ஒருவர் 25 நாள் வேலை செய்தால் 43,750 ரூபா என்று காகிதத்தில் வரும்; தேயிலைக் கொழுந்து குறைந்து 18 நாள் வேலை மட்டும் கிடைக்கும் மாதத்தில் அதுவே 31,500 ரூபாவாகிவிடும். அதிலிருந்து ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதிக்குக் குறைந்தது 8 வீதம், தொழிற்சங்கச் சந்தா, வாங்கியிருந்தால் தீபாவளி முற்பணத்தின் தவணை, கோயில் பணம் என்று கழிந்த பிறகுதான் சம்பளச்சீட்டின் கடைசி வரியில் ஒரு தொகை நிற்கிறது. தாயும் தகப்பனும் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில்கூட, ஒருவருடைய சம்பளத்தின் பெரும்பங்கு அந்த ஒரு பிள்ளைக்கே போகும் என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்பார்கள். 1981இல் லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால் சட்டபூர்வமான நிதியமாக அமைந்த மகாபொல, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரியாக்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி மாதாந்த மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், அது கிடைக்காதவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கப்படும் பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து எதிர்பார்க்கக் கூடாது. நான் மேலே சொன்ன சாப்பாட்டுக் கணக்கில் 7,500 ரூபா ஏறத்தாழ பதினொரு நாளைக்குப் போதும். தொகை போதாமையைவிடப் பெரிய சிக்கல் அது வந்து சேரும் காலம். பதிவு முடிந்து, விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, பெயர்ப்பட்டியல் வந்து, வங்கிக் கணக்கு விபரம் கொடுத்து, முதல் தவணை கணக்கில் விழுவதற்குள் விரிவுரைகள் தொடங்கிப் பல மாதங்கள் கடந்துவிடுவது வழமையாகவே இருக்கிறது. நிலுவை மொத்தமாக வரும்தான். ஆனால் வராத அந்த மாதங்களிலும் பிள்ளைக்குப் பசிக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய காலம் நம் கையிலேயே இருக்கிறது, நாம் அதைக் கவனிப்பதில்லை. 2024 நவம்பரில் தொடங்கிய உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. அதற்குப் பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு செய்து, விரிவுரைக்குப் போகும்வரை இன்னும் பல மாதங்கள் ஆகின்றன. ஆக, பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வரும் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடமோ அதற்கு மேலோ வீட்டில் காத்திருக்க வேண்டியுள்ளது. இந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. கொழும்பில் புடைவைக் கடைக்கும் உணவகத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் காசு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், புதிய தொலைக்காட்சிக்கும், பழைய கடைப் பற்றைத் தீர்ப்பதற்கும் கரைந்துவிடுகிறது. வீட்டுக்கு அந்தக் காசு வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் நம்மில் யாரும் இல்லை. பாதியையாவது பிள்ளையின் பெயரிலேயே போட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தேசிய சேமிப்பு வங்கியின் கணக்கைத் தபாலகத்திலேயே ஆரம்பிக்கலாம். அதற்காக நகரத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மாதம் 8,000 ரூபா பத்து மாதங்களுக்குச் சேர்ந்தால் 80,000 ரூபா ஆகும். மூன்று மாதச் சாப்பாட்டுக்கான காசு அதில் அடங்கிவிடும். முதல் தவணை வரும்வரை யாரிடமும் கை நீட்டாமல் இருக்க அது பெருமளவு உதவும்.

பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி போதாமல் அனுமதி கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் வீணாகாது. தொழில்நுட்பக் கல்லூரிக்கோ, தாதியர் பயிற்சிக்கோ, கல்வியியற் கல்லூரிக்கோ போகும்போதும் இதே தேவை வரும்.

அனுமதி உறுதியானதும் வீட்டில் தொடங்கும் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலில் பூசை, உறவினருக்குச் சாப்பாடு, கேக், புதிய உடுப்புகள், பெரிய பயணப்பெட்டி, மடிக்கணினி, புதிய கைத்தொலைபேசி என்று ஒரே மாதத்தில் கையில் இருப்பதெல்லாம் போய்விடுகிறது. பல தலைமுறைகளாகக் கூடை சுமந்த குடும்பத்தில் முதல் பிள்ளை படிக்கப் போகும்போது தாய் தகப்பனுக்கு அதைக் கொண்டாட உரிமை உண்டு. பூசையையும் சாப்பாட்டையும் நிறுத்தச் சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் மடிக்கணினியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளுக்குச் செல்பவர்களுக்கு அது தொடக்கத்திலேயே தேவைப்படலாம். கலைப்பீடத்துக்கும் வேறு பல துறைகளுக்கும் போகும் பிள்ளை, பீடத்திலுள்ள கணினிக் கூடத்தைப் பயன்படுத்திக்கொண்டு, எது தேவை என்று மூத்த மாணவரிடம் விசாரித்து, நிலுவை மகாபொல வந்த பிறகு வாங்கலாம். தவணைக்கு வாங்கிவிட்டு, வீட்டில் மாதாமாதம் அந்தத் தவணையையும் பிள்ளைக்குச் சாப்பாட்டுக் காசையும் சேர்த்துக் கொடுக்க முடியாமல் திணறிய பெற்றோரை நான் அறிவேன். வாழ்த்த வரும் உறவினரும் இன்னொரு கட்டில் விரிப்பையும் இன்னொரு தேநீர்க் குவளையையும் கொண்டுவராமல், 1,000 ரூபாவானாலும் பிள்ளையின் கணக்கில் போட்டால் மிகவும் உதவியாக இருக்கும். பதாகை அச்சடிக்கும் சங்கங்களுக்கும் இதையே பணிவாகச் சொல்கிறேன்.

கடன் வாங்காமல் சமாளிக்க முடியாத வீடுகள் உண்டு. அவர்கள் எந்தக் கடனை வாங்குவது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தோட்டத்தில் கிடைக்கும் தீபாவளி முற்பணத்துக்கு வட்டி இல்லை. ஆனால் அதைப் பிள்ளையின் பயணச் செலவுக்கு எடுத்துவிட்டால், அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்தில் தவணை வெட்டப்படும், அதே மாதங்களில்தான் பிள்ளைக்கும் காசு அனுப்ப வேண்டியிருக்கும். நகை அடகு நம் வீடுகளில் மிகப் பழக்கமான வழி. அடகு வைத்தே ஆக வேண்டுமானால், வட்டி வீதம் எழுத்தில் தெரியும் அரச வங்கியில், தேவையான தொகைக்கு மட்டும், ஒரு சிறிய நகையை வையுங்கள். மீட்கும் திகதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் எழுதி வையுங்கள்; தவணை தாண்டினால் ஏலத்துக்குப் போகும் என்பதைப் பிள்ளைக்கும் தெரியப்படுத்துங்கள். எடுக்கக்கூடிய முழுத் தொகையையும் வங்கி தருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிவிடக் கூடாது.

நான் மிகவும் அஞ்சுவது லயத்தின் வாசலுக்கே வரும் வாரக்கடனுக்கு. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்க, சில நாட்களிலேயே காசு கையில் கிடைத்துவிடுவதால் அது எளிதாகத் தோன்றுகிறது. ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா வாங்கி, வாரம் 1,250 ரூபா வீதம் 52 வாரம் கட்டினால் மொத்தம் 65,000 ரூபா ஆகிறது. வட்டி 15,000 ரூபாதானே, நூற்றுக்கு 30தானே என்று தோன்றும். ஆனால் நாம் 50,000 ரூபாவையும் வருடம் முழுவதும் கையில் வைத்திருப்பதில்லை. வாரத்துக்கு வாரம் முதல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் தொடக்கத்திலுள்ள முழுத் தொகைக்கே போடப்பட்டிருக்கிறது. சரியாகக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு நூற்றுக்கு 54 வரையில் போகிறது. மாதத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்கும் வீடு, வாரத்துக்கு ஒரு முறை தவணை கட்டுவதற்காக இன்னொரு கடனை எடுக்கிறது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய கடனால் ஒரு தாய் அயலவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் போவது எவ்வளவு கொடுமை. இதை என் வகுப்பு மாணவர்களுக்குக் கரும்பலகையில் செய்து காட்டுகிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் செய்து காட்ட வேண்டும் என்பதே என் நோக்கம்.

சேமலாப நிதியைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. பிள்ளையின் படிப்பைச் சொல்லி அதில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுக்கலாம் என்று சில இடைத்தரகர்கள் தோட்டங்களில் பேசித் திரிகிறார்கள். ஓய்வுக்கு முன் 30 வீதம் எடுக்கும் வசதி வீட்டுத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் உரியது. அதற்கும் பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் இருக்க வேண்டும். படிப்புச் செலவு அதில் சேராது. ஆகவே படிவம் நிரப்பித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். மற்றப்படி, பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்த நிதியை முழுமையாகப் பெறும் உரிமை வருகிறது. பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருக்கும் காலத்தில்தான் பல தாய்மாருக்கு அந்த வயது வருகிறது. வாழ்நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சேர்த்த காசு அது. அதில் முழுவதையும் பிள்ளைக்கே கொடுத்துவிட்டு, முதுமையில் மருந்துக்குப் பிள்ளையின் கையை எதிர்பார்ப்பது தாய்க்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல. நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியைப் பிள்ளைக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி மாதாந்தம் அனுப்பும் காசைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி வருகிறது. பிள்ளையின் போர்டிங்காரர் 1ஆம் திகதி வாடகை கேட்கிறார். இந்த இடைவெளியில் வீட்டார் மாதாமாதம் கைமாற்று வாங்குகிறார்கள். அறை எடுக்கும்போதே, 15ஆம் திகதிக்குள் தருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். முதலில் கேட்காமல், பிந்திய பிறகு மன்னிப்புக் கேட்பதுதான் சங்கடத்தை உண்டாக்குகிறது. பிள்ளையின் மாதத்தையும் 12ஆம் திகதியிலிருந்து அடுத்த 12ஆம் திகதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில், ஒரே நாளில், ஒரே அளவான தொகை அனுப்பப்பட வேண்டும். கேட்கும்போதெல்லாம் 2,000, 3,000 என்று அனுப்பும் வீட்டில் அம்மாவுக்கும் கணக்குத் தெரியாது, பிள்ளைக்கும் கணக்குத் தெரியாது. தொலைபேசி அழைப்பு என்றாலே காசுக்குத்தான் என்ற எண்ணம் இரு பக்கத்திலும் வளர்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் திகதியும் தொகையும் முடிவான பிறகு, மகனோடு பேசும் நேரம் அவனுடைய படிப்பையும் நண்பர்களையும் பற்றியதாக மாறியது.

ஒரே அளவான தொகை என்றேன். வரவு ஒரே அளவாக இருக்காதே என்று கேட்பீர்கள். பனியும் வெயிலுமாக இருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து குறைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெருகுகிறது, மேலதிகமாகப் பறிப்பதற்கான கைக்காசும் கிடைக்கிறது. இது ஒவ்வொரு வருடமும் நாம் காண்பது. கொழுந்து நிறைந்த மாதத்தில் மிகுவதை எடுத்து வைத்து, குறைந்த மாதத்தில் பிள்ளையின் தொகையை நிரப்ப வேண்டும். மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கரட்டுக்கும் லீக்ஸுக்கும் நல்ல விலை கிடைத்த வாரத்தில்தான் அடுத்த மூன்று மாதத்தை யோசிக்க வேண்டும். தூரம் குறைந்தால் செலவு குறையும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ படிக்கும் பிள்ளை வாராவாரம் வீட்டுக்கு வந்து போகும் பஸ் காசு, யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருந்து தவணை விடுமுறைக்கு மட்டும் வரும் பிள்ளையின் செலவைத் தாண்டிவிடக்கூடும். வந்து போகும் பிள்ளையின் கையில் சம்பலும் கருவாட்டுப் பொரியலும் கொடுத்தனுப்ப முடிகிறது என்பது ஓர் ஆறுதல்.

பலர் எதிர்பார்க்காத இரண்டாவது இடைஞ்சல் இரண்டாம் வருடத்தில் வருகிறது. பல பல்கலைக்கழகங்களில் முதல் வருடத்தவருக்கும் இறுதி வருடத்தவருக்குமே விடுதியில் முன்னுரிமை கிடைக்கிறது. நடு வருடங்களில் வெளியே அறை தேட வேண்டும். அப்போது மாத வாடகையோடு, சில மாத வாடகையை முற்பணமாகவும் கேட்கிறார்கள். மெத்தை, மின்விசிறி, சமைக்கப் பாத்திரம் என்பனவும் சேர்கின்றன. முதல் வருடத்தைச் சமாளித்துவிட்டோம் என்று மூச்சு விடும் நேரத்தில் இந்தச் செலவு வந்து நிற்பதால், பிள்ளைகள் படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். முதல் வருடத்தில் நிலுவை மகாபொல மொத்தமாக வரும்போது அதிலிருந்து இந்த முற்பணத்தை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். படிப்பின் நீளமும் ஒன்றல்ல: பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டமும் பொறியியலும் நான்கு, மருத்துவம் ஐந்து. விண்ணப்பப் படிவத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும்போதே வீட்டாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காசுக்காகப் பிள்ளையின் விருப்பத்தை மாற்றச் சொல்லவில்லை. விரும்பியதைப் படிக்க எத்தனை வருடத்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்று அறிந்துகொள்ளச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் மேலாக என் மனதை வருத்துவது, வீட்டாரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் மறைப்பதுதான். நகை அடகிலிருப்பதை அம்மா சொல்வதில்லை, பிள்ளை படிப்பில் கவனம் சிதறிவிடும் என்று. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பத்து மணிக்கு ஒரு பணிஸும் தேநீரும் குடிப்பதைப் பிள்ளை சொல்வதில்லை, அம்மா அழுவார் என்று. இரண்டும் அன்பினால்தான். ஆனால் அம்மாவின் தாலிக்கொடி எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளை, நண்பர்களோடு சுற்றுலாவுக்கு 10,000 ரூபா கேட்டுவிடுகிறது. கேட்டதைக் கொடுக்க முடியாத அப்பா கோபிக்கிறார். பத்தொன்பது, இருபது வயதான பிள்ளைக்கு வீட்டின் வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு, தம்பி தங்கைக்கு எவ்வளவு தேவை என்பது தெரிந்தே இருக்க வேண்டும். தெரிந்த பிள்ளை பொறுப்பாக நடக்கிறது என்பதை என் மாணவர்களிடம் நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். பிள்ளையும் மாத முடிவில் தன் செலவை எழுதி அனுப்பட்டும். அதைப் பார்த்துக் கேள்வி கேட்டுக் குடையாமல், அடுத்த மாதத் தொகையைத் தீர்மானிக்க மட்டும் பெற்றோர் பயன்படுத்தட்டும். முதல் வருடத்திலேயே பகுதிநேர வேலைக்கு அனுப்புவது வேண்டாம். ஆங்கில மொழி மூலத்துக்குப் பழகவே அவர்களுக்கு அந்த வருடம் போதாது. வீட்டிலிருக்கும் அடுத்த பிள்ளையின் சாதாரண தர வகுப்புக் காசை நிறுத்தி மூத்தவருக்கு அனுப்புவதும் நியாயமல்ல.

வீட்டுக்கு வெளியே செய்யக்கூடியவையும் உண்டு. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் பொறுப்பில் இயங்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1947 முதல் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. விண்ணப்பம் கோரப்படும் செய்தியே தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழ், தோட்ட அலுவலகத்தின் சம்பள விபரம், வங்கிப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றை ஒரு கோப்பில் முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்தால் மகாபொலவுக்கும் பர்சரிக்கும் இதற்கும் அவை உதவும். கையொப்பத்துக்காக அரை நாள் வேலையை இழந்து பிரதேச செயலகத்துக்கு அலைவதையும் குறைக்கலாம். அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்காக 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் வேறு. அரச பல்கலைக்கழக மாணவர் அதை எதிர்பார்த்து இருக்கக் கூடாது.

நம் தோட்டங்களில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் மரண உதவிச் சங்கத்தின் காசு அன்றே அந்த வீட்டுக்குப் போய்விடுகிறது. யாரும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. அதே ஒழுங்கில் ஒரு கல்விக் கைமாற்று நிதியை ஏன் நடத்த முடியாது? 200 வீடுகள் உள்ள தோட்டத்தில் வீட்டுக்கு மாதம் 100 ரூபா சேர்த்தால் மாதம் 20,000, வருடத்துக்கு 2,40,000 ரூபா. ஒரு வருடத்தில் மூன்று பிள்ளைகள் அனுமதி பெற்றாலும் ஆளுக்கு 60,000 ரூபா வட்டியில்லாமல் கொடுத்து, மகாபொல நிலுவை வந்ததும் ஒரு பகுதியையும், மீதியை வேலை கிடைத்த பின்னும் திருப்பிப் பெற்றுக்கொள்ளலாம். அன்பளிப்பாகக் கொடுத்தால் இரண்டு வருடத்தில் நிதி வற்றிவிடும். திரும்ப வந்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும். கூட்டுக் கையொப்பமுள்ள வங்கிக் கணக்கும், பற்றுச்சீட்டும், மாதம் ஒரு முறை கோயில் வாசலில் ஒட்டப்படும் கணக்கறிக்கையும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமிராது. எந்தத் தொழிற்சங்கத்தின் பெயரும் அதில் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது; சங்கம் மாறும் வீடு நிதியிலிருந்தும் விலகிவிடக் கூடாது. கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் நம் பாடசாலைகளில் கணக்கீடு படிக்கும் பிள்ளைகளும் கற்பிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறோம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் மகாபொல நிதியத்திடமும் நான் கேட்பது, புதிய மாணவரின் முதல் இரண்டு தவணைகளைப் பதிவு நடைபெறும் மாதத்திலேயே செலுத்த வழி செய்ய வேண்டும் என்பதே. வருமான விபரம் பிழையென்று பின்னர் தெரிந்தால் அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்ளலாம். தொகையைக் கூட்டுவதற்கு வரவு செலவுத் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும்; நேரத்துக்குக் கொடுப்பதற்கு நிர்வாக ஒழுங்கு மட்டும் போதும்.

தங்கள் பத்திரிகையும் ஓர் உதவி செய்யலாம். பல்கலைக்கழக விண்ணப்ப முடிவுத் திகதி, மகாபொலவுக்கும் பர்சரிக்கும் தேவையான ஆவணங்கள், புலமைப்பரிசில் அறிவித்தல்கள் ஆகியவற்றை ஞாயிறு இதழில் ஒரு நிரந்தரமான கட்டத்தில் வெளியிட்டால், அதை வெட்டி வகுப்பறைக் கதவிலும், தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலும் ஒட்டுவதற்கு என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உயர்தரக் கணக்கீட்டு ஆசிரியை,
தலவாக்கலை.